மயிற்பொறி முதல் மாதிரி விமானம் வரை

சீவக சிந்தாமணியைப் படித்தவர்கள் மயிற்பொறியை மறந்திருக்க மாட்டார்கள். கட்டியங்காரனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஏமாந்த சச்சந்தன், கருவுற்றிருந்த தேவி விசயை தப்பிப் பிழைப்பதற்காகப் பறக்கும் மயில் ஒன்றைச் செய்விக்கிறான். அந்த மயிலில் ஏறிப் போய்ச் சுடுகாட்டில் இறங்கிய விசயைக்குத்தான் சீவகன் பிறக்கிறான். அந்த மயில் எதனால் ஆனது என்பதையும் திருத்தக்கதேவர் விட்டுவைக்கவில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்று சரக்குப் பட்டியலே தருகிறார். ஏழு நாளில் வேலை முடிந்ததாம்.

அந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். கல்லூரிப் பக்கம் போகாதவன் நான். கரோல்பாகில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் வராத நேரத்தில் படித்த படிப்புதான் என் படிப்பு. ஆனாலும் அந்தப் பட்டியலில் உள்ள பிசின் என்ற சொல்லில் என் கண் ஒருநாளும் நின்றதில்லை. சென்ற ஆண்டு என் பேரனோடு உட்கார்ந்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி வண்ணம் தீட்டிய பிறகுதான் நின்றது. அந்த அனுபவத்தை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்த பெட்டி

லண்டன் போய் வந்த என் மகன், பிள்ளைக்கென்று ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தான். ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் தயாரிப்பு. 1939இல் தொடங்கிய கம்பெனி. 2006 முதல் ஹார்ன்பி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பெட்டிக்குள் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் உறுப்புகள் முப்பது சொச்சம், ஒரு பசைக்குழாய், சிறு சிமிழ்களில் வண்ணம், ஒரு தூரிகை, படம் போட்ட விளக்கத்தாள். முதன்முதலாகச் செய்பவர்களுக்கென்றே போட்ட பெட்டி.

பேரனுக்கு அப்போது பதினோரு வயது. தமிழில் கேட்டால் புரியும். பதில் மட்டும் இந்தியில்தான் வரும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கெல்லாம் இது தெரிந்த கதைதானே! பெட்டியைக் கண்டதும் குதித்தான். ஆனால் மருமகள் தயங்கினாள்.

"மாமா, நம்ம வீட்டுல போய் சண்டை விமானமா?" என்று கேட்டாள்.

மாக்கோழியும் மாதிரி விமானமும்

கேள்வியில் நியாயம் இருந்தது. நாங்கள் ஆரணிப் பக்கத்துச் சமணர்கள். பொழுது சாயும் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்கள். மருமகள் மனதில் இருந்தது யசோதர காவியம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். யசோதரன் கெட்ட கனவு கண்டான். அதற்குப் பரிகாரமாகத் தேவிக்குக் கோழி பலி கொடுக்கலாம் என்றாள் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு அவன் இசையவில்லை. சரி, மாவினால் ஒரு கோழி செய்து வெட்டு என்றாள். வெட்டினான். மாவுக்கோழிதானே என்று வினை விட்டுவிடவில்லை. மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் தொடங்கிப் பல பிறவிகள் துன்பப்பட்டார்கள்.

மாவில் செய்த கோழிக்கே அந்தப் பாடு என்றால், பிளாஸ்டிக்கில் செய்த போர் விமானத்துக்கு? அன்று இரவு நெடுநேரம் யோசித்தேன். யசோதரன் செய்த பிழை கோழி உருவம் செய்தது அன்று. கொல்லும் எண்ணத்தோடு அதன்மேல் வாளை ஓங்கியது. ஒரே மாவில் பிள்ளைகளுக்குக் கிளியும் கோழியும் செய்து தருகிற தாய்க்கு என்ன வினை வரும்? பொருளைவிட எண்ணமே முக்கியம் என்பதுதானே அந்தக் காவியம் சொல்வது!

காலையில் பேரனிடம் இரண்டு நிபந்தனைகள் சொன்னேன். ஒன்று, இதைக் கையில் வைத்துக்கொண்டு 'டுமீல் டுமீல்' என்று சுட்டு விளையாடக் கூடாது. இரண்டு, சக்கரம் இறக்கித் தரையில் நிற்கிற மாதிரிதான் செய்ய வேண்டும். (சக்கரத்தை மடக்கிப் பறக்கிற மாதிரியும் இதைச் செய்யலாம்.) மருமகளும் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது நிபந்தனை ஒன்றையும் நானாகச் சேர்த்தேன்: வேலை நடக்கும்போது பேச்சு தமிழில்தான்.

72இல் ஒரு பங்கு

பெட்டிமேல் 1/72 என்று போட்டிருந்தது. உண்மை விமானத்தில் 72 அங்குலம், மாதிரியில் 1 அங்குலம். 72 அங்குலம் என்பது 6 அடி. ஆகவே ஆறடி ஆள் ஓர் அங்குல பொம்மையாகிவிடுகிறான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு 36 அடி 10 அங்குலம். ஆறால் வகுத்தால் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நீளம் 29 அடி 11 அங்குலம். மாதிரியில் ஐந்து அங்குலத்துக்குச் சற்றே குறைவு. இந்தக் கணக்கைப் பேரன் தாளில் போட்டுப் பார்த்து, அடிக்கோலால் அளந்து, சரி என்று கண்ட பிறகுதான் உறுப்புகளைத் தொட்டோம். பள்ளிக்கூடத்தில் வராத பின்னக் கணக்கு இங்கே வந்தது.

ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவர் ஆர்.ஜே. மிட்செல். அது முதன்முதல் பறந்தது 1936 மார்ச் 5. மறு ஆண்டே மிட்செல் காலமாகிவிட்டார். பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. 1947-48 காஷ்மீர் போரில் நம் விமானப்படையும் இதை ஓட்டியது. தில்லியில் இருப்பவர்கள் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பார்க்கலாம். நாங்கள் செய்ததற்குப் பிந்திய வகை அது. ஆனாலும் இறக்கையின் வளைவை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்தால் ஒட்டும்போது கை தானே அறியும்.

இன்னொரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமானம் வாங்குவதற்கென்று நம் சென்னை மாகாணத்தில் நிதி திரட்டி அனுப்பினார்கள். அதன் நினைவாக ஆங்கிலேய விமானப்படையின் 234ஆம் எண் அணிக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் வைத்தார்கள். 1940இல் இங்கிலாந்துக்கு மேலே நடந்த விமானப் போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய அணி அது. அந்த நிதியில் எங்கள் ஊர்க்காரர் யாருடைய நாலணாவாவது சேர்ந்திருக்குமோ? எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர்கள் அவர்கள். கொடுத்திருந்தால் எந்த மனதோடு கொடுத்திருப்பார்கள்? இதற்கு என்னிடம் விடை இல்லை. பேரனிடம் அப்படியே சொன்னேன்.

வேண்டிய கருவிகள்

பெட்டியோடு வருவது போதாது. உறுப்புகளை நறுக்க, வாய் தட்டையான சிறு கட்டிங் பிளேயர் ஒன்று (நல்ல நகவெட்டியும் போதும்); கூரான சிறு கத்தி; 400, 600, 800 எண் வாட்டர் பேப்பர்; துணி கிளிப், ரப்பர் பேண்ட், பல்குச்சி; ஓரம் மறைக்கும் காகித டேப்; மெல்லிய தூரிகை ஒன்று. கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். பசையின் நெடி தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் வேலை

உறுப்புகள் எல்லாம் ஒரு சட்டத்தில், காம்பில் காய் தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவதால் அப்படி அமைகிறது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வர எண்ணெய்ப் பசை போல ஒன்று தடவியிருப்பார்கள். ஆகையால் முதல் வேலை, சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் முதலில் பாத்திரத்தைத் துலக்குவார்கள்; அழுக்கோ எண்ணெயோ இருந்தால் ஈயம் பிடிக்காது. அதே சூத்திரம்தான் இங்கும்.

உறுப்புகளைக் கையால் முறுக்கிப் பிடுங்கக் கூடாது. காம்பு கொஞ்சம் மிஞ்சும்படி நறுக்கி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நறுக்கிப் போட்டுவிடாதீர்கள். எது எந்த எண் என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும். பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே பசை போட வேண்டும்.

இந்தப் பசை நம் வீட்டுப் பசை போன்றதன்று. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடும். பற்றவைப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கொஞ்சமாகப் போட வேண்டும் என்கிறார்கள். வண்ணம் பூசிய இடத்தில் அது பிடிக்காது. ஒட்டும் விளிம்பில் வண்ணம் இருந்தால் சுரண்டிவிட வேண்டும்.

விமானி உட்காரும் அறையை முதலில் முடிக்க வேண்டும். உடற்பகுதி இரண்டு பாதியாக வரும்; மூடிவிட்டால் உள்ளே தூரிகை போகாது. இருக்கை, உட்சுவர் எல்லாவற்றுக்கும் சாம்பல் கலந்த பச்சை பூசி, காய்ந்த பிறகு இரு பாதிகளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும். அடுத்து இறக்கை. ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் நுனியை நோக்கி 6 பாகை மேலே ஏறியிருக்கும். முன்னாலிருந்து பார்த்து இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று சரிசெய்ய வேண்டும். பசை இறுகிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கேதான் என் முதல் தவறு. இடது இறக்கையில் வழிந்த பசையைக் கட்டைவிரலால் துடைத்தேன். பிளாஸ்டிக் இளகி, என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது! கைநாட்டு வைத்த மாதிரி. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். வழிந்த பசையைத் தொடவே கூடாது. காயவிட்டுப் பிறகு தேய்ப்பதுதான் முறை. தேய்த்துத் தேய்த்து முக்கால்வாசி போக்கினோம்.

வண்ணம்

வண்ணத்தில் ஒரே விதி: மெல்லியதாகப் பூசு, பல முறை பூசு. ஏன்? மாதிரியின்மேல் வண்ணம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக ஏறினாலும், 72ஆல் பெருக்கினால் 7 மில்லிமீட்டர். உண்மை விமானத்தின்மேல் சிமெண்டு பூசிய கணக்காகிவிடும். பெட்டியோடு வரும் அக்ரிலிக் வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். மனம் தளரக் கூடாது. இரண்டாவதில் கொஞ்சம் மூடும், மூன்றாவதில் சமமாகிவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தூரிகை வைத்தால் கீழே உள்ளதும் பெயர்ந்து வரும். அடியில் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்தால், பிடிப்பும் கூடும், இடுக்குகளும் கண்ணுக்குத் தெரியும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. வயிற்றுப் பக்கம் வெளிர்பச்சை கலந்த வான நிறம். முதுகுப் பக்கம் மண் நிறம், அதன்மேல் கரும்பச்சை அலைகள். மேலிருந்து பார்ப்பவனுக்கு வயலும் மண்ணும் போலத் தெரிய வேண்டும். கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தோடு கலந்துவிட வேண்டும். "தாத்தா, இது பச்சோந்தி மாதிரி" என்றான் பேரன். சொல் தமிழில் வந்ததை அவனே கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

வண்ணம் முடிந்ததும் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. வட்டச் சின்னங்களும் எழுத்துகளும் தாளில் அச்சாகி வரும். ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இடத்தில் வைத்து, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும். அதற்குத்தான் முன்னதாக வார்னிஷ். கடைசியில் மினுமினுப்பை அடக்க மங்கல் வார்னிஷ்.

கண்ணாடி மூடி

எல்லாம் முடிந்து விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி மட்டும் பாக்கி. அதற்கு வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால், போதும் என்று படித்திருந்தோம். காய்ந்தால் தெளிந்துவிடும். மறுநாள் பேரன் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போவதாக இருந்தான். ஃபெவிகால் காய நேரமாகுமே என்று, அவன் தூங்கிய பிறகு, கடையில் பிடி ஒட்டுவதற்கு வைத்திருந்த உடனொட்டிப் பசையால் ஒட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெண்பனி படிந்தாற்போல் மங்கிக் கிடந்தது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து வெளுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது.

பேரன் அழவில்லை. "காயட்டும், காயட்டும்னு நீங்கதானே தாத்தா சொன்னீங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

என்னிடம் பதில் இல்லை. "தப்பு என்னுதுதான்டா கண்ணா, மன்னிச்சுக்கோ" என்றேன். பேரனிடம் மன்னிப்புக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆண்டுக்கொரு நாள் வீட்டில் சிறியவர் பெரியவர் எல்லாரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. பள்ளிக்கு அன்று வெறுங்கையோடுதான் போனான். சாயங்காலம் இரண்டு பேருமாக மூடியை மெதுவாகப் பெயர்த்தெடுத்தோம். வெள்ளைப் பற்பசையைத் துணியில் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தோம். பாத்திரக்காரன் அல்லவா, மெருகேற்றுவது எனக்குக் கைவந்த வேலை. பிறகு பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. ஒரு மூலையில் மட்டும் மங்கல் போகவில்லை. இந்தத் தடவை ஃபெவிகால் தொட்டு வைத்துவிட்டு, பேரனே சொன்னான்: "காயட்டும்."

நிறைவாக

மயிற்பொறிக்கு ஏழு நாள். எங்கள் விமானத்துக்கு இருபத்தாறு நாள். உட்கார்ந்து செய்த வேலையைக் கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. மிச்சமெல்லாம் காத்திருந்த நேரம். பத்து நிமிட வேலைக்கு ஓர் இரவு பொறுமை என்பதே இந்தக் கலையின் சாரம். பொறுக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு என் கைநாட்டும் அந்தக் கண்ணாடி மூலையும் சாட்சி.

தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அங்கே கற்ற சொல் வீட்டில் புழங்க ஒரு வேலை வேண்டும். ஒட்டு, சீவு, தேய், ஒற்று, பொறு என்ற சொற்களையெல்லாம் என் பேரன் கையால் கற்றான். நம் சங்கக் கட்டடத்தில் விடுமுறை நாளில் ஒரு மேசை போட்டு, தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன? போர் விமானம் வேண்டாம் என்பவர்களுக்குப் பயணிகள் விமானம், கப்பல், ரயில் எல்லாம் கிடைக்கின்றன.

எங்கள் ஸ்பிட்ஃபயர் இப்போது வீட்டுப் புத்தக அலமாரியில், சக்கரம் ஊன்றி, காற்றாடி ஓய்ந்து நிற்கிறது. தூசு துடைப்பவள் மருமகள்தான். சென்ற மாதம் பேரன் ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தா, அந்த மயில் மெஷின் பெட்டி எங்க கிடைக்கும்?" கடையில் கிடைக்காது என்றேன். அப்படியானால் நாமே செய்யலாம் என்கிறான். துணியும் நூலும் மெழுகும் வீட்டில் இருக்கின்றன. அரக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.